ஃபயோலின் 14 கோட்பாடுகள்: எது எது என்று குழம்பாமல் இருக்க என்ன வழி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு, பிசினஸ் ஸ்டடீஸ். ஃபயோலின் 14 மேலாண்மைக் கோட்பாடுகளையும் வரிசை மாறாமல் ஒப்பிக்க முடிகிறது. ஆனால் தேர்வில் ஒரு நிறுவனத்தில் நடந்ததாக ஒரு சம்பவம் கொடுத்து, ‘இங்கே மீறப்பட்ட கோட்பாடு எது?’ என்று கேட்டால் இரண்டு மூன்று கோட்பாடுகள் ஒரே மாதிரி தெரிகின்றன. என்ன செய்வது?

குழப்பம் வருவது இயல்புதான். பாடநூல் 14 மருந்துகளின் பெயரைச் சொல்லிவிட்டு, எந்த நோய்க்கு எது என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறது. நோயைப் பார்க்காமல் மருந்துச் சீட்டை மட்டும் மனப்பாடம் செய்தால் எல்லா மருந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கோட்பாட்டையும் படிக்கும்போது ‘இது இல்லாவிட்டால் என்ன கெடும்? யாருக்குக் கெடும்?’ என்று கேட்டுப் பழகுங்கள். ஃபயோலே அப்படித்தான் ஆரம்பித்தார்.

ஹென்றி ஃபயோல் 1841-ல் இஸ்தான்புல்லில் பிறந்த பிரெஞ்சுக்காரர். சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு 1860-ல் பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மே மாதம், அவருக்கு 20 வயதுகூட ஆகாத நேரத்தில், ஒரு சம்பவத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். சுரங்கத்தின் ஆறாவது மட்டத்தில் வண்டி இழுக்கும் குதிரைக்கு அன்று காலை கால் முறிந்துவிட்டது. வேறு குதிரை கேட்டு ஃபயோல் எழுதிக் கொடுத்தார். லாயத்தைப் பார்த்துக்கொள்பவர் மறுத்துவிட்டார். சீட்டில் சுரங்க இயக்குநரின் கையெழுத்து இல்லை. இயக்குநர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக யாரையும் நியமித்துவிட்டும் போகவில்லை. எவ்வளவு கெஞ்சியும் லாயக்காரர் அசையவில்லை, ‘எனக்கு இட்ட உத்தரவு அப்படி’ என்றார். லாயத்தில் குதிரை இருந்தது, சுரங்கத்தில் ஆள் இருந்தது, ஆனால் ஆறாவது மட்டத்தில் அன்றைக்கு உற்பத்தி இல்லை.

இந்தச் சின்னச் சம்பவத்துக்குள் எத்தனை கோட்பாடு இருக்கிறது என்று பாருங்கள். உற்பத்திக்குப் பொறுப்பு ஃபயோலுடையது, ஆனால் ஒரு குதிரையை மாற்றும் அதிகாரம்கூட அவர் கையில் இல்லை. அதிகாரமும் பொறுப்பும் சமமாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு இங்கே உடைகிறது. எல்லா முடிவும் ஒருவர் கையெழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அது அளவு மீறிய மையப்படுத்தல். கீழே இருப்பவர் தானாக ஒரு நடவடிக்கை எடுக்க வழியே இல்லை, முன்முயற்சி செத்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த லாயக்காரர் செய்தது தவறா? அவர் தன் மேலாளரின் உத்தரவை மட்டுமே ஏற்றார், விதியை மீறவில்லை. கட்டளை ஒருமை, ஒழுக்கம் இரண்டும் அவர் பக்கம். அதாவது இரண்டு கோட்பாடுகள் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டதால்தான் மற்ற மூன்று உடைந்தன! வகுப்பில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 14 கோட்பாடுகளும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை அல்ல. சில சமயம் ஒன்றை ஒன்று இழுக்கும். அதனால்தான் இவை விதிகள் அல்ல, மேலாண்மையில் எல்லாம் அளவைப் பொறுத்தது, சூழ்நிலைக்கேற்ப வளைய வேண்டும் என்று ஃபயோல் தன் நூலில் எழுதினார். 14 என்ற எண்ணுக்கும் புனிதம் கிடையாது. தான் அதிகம் பயன்படுத்தியவற்றை எழுதியிருப்பதாகவும், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்றும் அவரே சொல்லிவிட்டார்.

குதிரை கேட்டு நின்ற அந்தப் பையன் ஃபயோல், 25 வயதில் அதே சுரங்கத்துக்கு மேலாளர் ஆனார். 1888-ல், ஏறக்குறைய திவாலாகும் நிலையில் இருந்த கம்பெனி முழுவதற்கும் தலைமைப் பொறுப்பு வந்தது. 1918-ல் ஓய்வு பெறும்போது அதை வலுவான நிலையில் விட்டுச் சென்றார். அதே சுரங்கங்கள், அதே ஆட்கள், மாறியது நிர்வாக முறை மட்டுமே என்பது அவருடைய விளக்கம். இதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 1892-ல் டெக்காஸ்வில் சுரங்கங்களை வாங்கியது போன்ற பெரிய வணிக முடிவுகளும் அதில் இருந்தன. ஆனாலும் 14 கோட்பாடுகள் அறைக்குள் உட்கார்ந்து யோசித்தவை அல்ல என்பது நமக்கு முக்கியம். 1916-ல் அவர் அவற்றை அச்சில் வெளியிட்டபோது அரை நூற்றாண்டுக்கும் மேலான சுரங்க அனுபவம் பின்னால் இருந்தது.

இனி நீங்கள் குழம்பும் இடங்களுக்கு வருவோம். ஒரு பெரிய ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். நாம் எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்த இடம், ஆள் பலம் அதிகம், கண்ணெதிரே எல்லாம் நடக்கும்.

அதிகம் பேர் தடுமாறுவது யூனிட்டி ஆஃப் கமாண்ட், யூனிட்டி ஆஃப் டைரக்‌ஷன் இரண்டிலும்தான். முதலாவதான கட்டளை ஒருமை என்பது ஓர் ஆளைப் பற்றியது: ஓர் ஊழியருக்கு ஒரே மேலாளர்தான் உத்தரவிட வேண்டும். பட்டுப் புடவை செக்‌ஷனில் நிற்கும் பெண்ணிடம் சூப்பர்வைசர், ‘கல்யாணப் பார்ட்டி வந்திருக்கு, இங்கேயே நில்லு’ என்கிறார். அதே நேரம் முதலாளியின் மச்சான் வந்து, ‘குடோனுக்குப் போய் புது ஸ்டாக்கை எண்ணிட்டு வா’ என்கிறார். அவருக்குப் பதவி ஒன்றும் இல்லை, உறவு இருக்கிறது. அந்தப் பெண் எதைச் செய்தாலும் இன்னொருவரிடம் திட்டு வாங்குவாள். கெடுவது அந்த ஒரு ஊழியரின் நிலை.

இரண்டாவதான இயக்க ஒருமை என்பது வேலையைப் பற்றியது. ஒரே நோக்கம் கொண்ட வேலைகளுக்கு ஒரு தலைவர், ஒரு திட்டம். குழந்தைகள் ஆடைப் பிரிவில் கொள்முதலை ஒருவர், தீபாவளி விளம்பரத்தை இன்னொருவர், தள்ளுபடியை மூன்றாமவர் தனித்தனியாக முடிவு செய்தால் என்ன ஆகும்? விளம்பரத்தில் காட்டிய பாவாடை சட்டை கடையில் இருக்காது. கடையில் குவிந்து கிடப்பதற்குத் தள்ளுபடி இருக்காது. இங்கே எந்த ஊழியருக்கும் இரண்டு மேலாளர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே மேலாளர்தான். ஆனாலும் பிரிவு மொத்தமும் தடுமாறுகிறது. கேள்வியில் திண்டாடுவது ஓர் ஊழியர் என்றால் கட்டளை ஒருமை. ஒரு பிரிவோ திட்டமோ என்றால் இயக்க ஒருமை. இரண்டுக்கும் உள்ள உறவையும் ஃபயோல் சொல்லியிருக்கிறார்: இயக்க ஒருமை இல்லாமல் கட்டளை ஒருமை நிலைக்காது, ஆனால் முன்னது இருந்தால் பின்னது தானாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. வேறுபாடு எழுதச் சொன்னால் கடைசி வரியாக இதைச் சேருங்கள்.

கட்டளை ஒருமையிலிருந்து டெய்லருக்குத் தாண்டுவது எளிது, ஏனென்றால் இருவரும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். அமெரிக்கப் பொறியாளரும் மேலாண்மைச் சிந்தனையாளருமான ஃபிரெடரிக் டெய்லர் ஒரு தொழிலாளிக்கு எட்டு ஃபோர்மேன்கள் வேண்டும் என்றார். வேலையின் வழித்தடம், செய்முறைக் குறிப்பு, நேரம் மற்றும் செலவுக் கணக்கு, ஒழுங்கு என நான்கு பேர் திட்டமிடும் பக்கம். வேகம், கருவி ஏற்பாடு, பழுது, தரப் பரிசோதனை என நான்கு பேர் பட்டறைப் பக்கம். ஒவ்வொருவரும் தன் துறையில் நிபுணர், ஆகவே அந்த விஷயத்தில் அவர் சொல்வதே சரி என்பது டெய்லர் வாதம். ஃபயோல் தன் நூலிலேயே இதை மறுத்தார். நிபுணர் ஆலோசனை தேவைதான், அதற்காகக் கட்டளை ஒருமையைக் கைவிட முடியாது என்றார். தேர்வில் ‘டெய்லரின் எந்த நுட்பம் ஃபயோலின் எந்தக் கோட்பாட்டை மீறுகிறது?’ என்று வந்தால் பதில் இதுதான்.

இன்றைக்கு ஐடி கம்பெனிகளில் ஒருவர் ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் தன் துறைத் தலைவருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார். ஃபயோல் பார்த்தால் தலையில் கை வைத்திருப்பார். அந்த அமைப்பு நன்றாக ஓடும் இடங்களும் உண்டு. எதில் யார் சொல் இறுதி என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் இடங்கள் அவை. எழுதி வைக்காத இடத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் ஃபயோலின் மருமகன் மாதிரி பேசுவார்கள்.

டெய்லரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அவர் பெத்லஹேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து ரயில் பெட்டியில் ஏற்றும் வேலையை அளந்தார். ஒவ்வொரு பாளமும் 92 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 42 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 டன்னாக இருந்த வேலை 47 டன்னாக உயர்ந்தது, கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது என்று 1911-ல் வந்த தன் நூலில் எழுதினார். இந்தக் கதையைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பல விவரங்கள் பொருந்தவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அவர் சொன்ன எண்களையே நம்பினாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதே 1911-ல் வாட்டர்டவுன் ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் ஸ்டாப் வாட்ச் அளவீட்டை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு டெய்லரை அழைத்து விசாரித்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே ‘மனப் புரட்சி’ வேண்டும் என்று பாடநூலில் நீங்கள் படிக்கும் பகுதி, அந்த விசாரணையில் அவர் அழுத்திச் சொன்னது. பின்னணி தெரிந்தால் அந்தச் சொல் வெறும் உபதேசமாகத் தெரியாது; நெருக்கடியில் இருந்த ஒருவரின் வாதமாகத் தெரியும்.

ஜவுளிக்கடைக்குத் திரும்புவோம். ஒழுக்கம், ஒழுங்கமைப்பு இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் உண்டு. ஒழுங்கமைப்பு இடத்தைப் பற்றியது: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் இடம். 38 சைஸ் சட்டை கேட்டால் குடோனில் அரை மணி நேரம் தேடுகிறார்கள் என்றால் அது இந்த வகை. ஒழுக்கம் நடத்தையைப் பற்றியது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒழுக்கம் என்றால் ஊழியர் கைகட்டி நிற்பது என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். ஃபயோல் பார்வையில் அது நிறுவனத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே உள்ள உடன்பாட்டை இரு தரப்பும் மதிப்பது. ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நேரம் வேலை செய்ய ஒத்துக்கொண்டார்கள், முதலாளி அதற்குத் தனிப்படி தருவதாகச் சொன்னார், ஊழியர்கள் வந்தார்கள், படி வரவில்லை. ஒழுக்கத்தை மீறியது நிர்வாகம். சம்பவக் கேள்விகளில் இது அடிக்கடி மறைந்திருக்கும். ‘ஊதியம்’ என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். பேச்சு பணத்தைப் பற்றியே இருந்தாலும் முறிந்தது வாக்கு என்றால் அது ஒழுக்கம். கொடுக்கும் சம்பளமே வேலைக்குப் பொருந்தாமல் குறைவு என்றால்தான் ஊதியக் கோட்பாடு.

நியாயம் என்ற கோட்பாட்டையும் சமத்துவத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நீதியும் கனிவும் சேர்ந்தது என்று ஃபயோல் அதை விளக்குகிறார். ஒப்பந்தத்தில் உள்ளதை அப்படியே கொடுப்பது நீதி. ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதையும் மனிதராகப் பார்ப்பது கனிவு. நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஜவுளி, நகைக் கடைகளில் விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் பத்து மணி நேரம்கூட நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார முடியாது, ஸ்டூல் போட்டிருக்கமாட்டார்கள். கேரளம் 2018-ல் இதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கொடுப்பதைக் கட்டாயமாக்கியது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே, அந்தக் கடைகளில் நியாயம் என்ற கோட்பாடு தானாக வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. இதை உதாரணமாக எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் நிமிர்ந்து பார்ப்பார்.

படிநிலைத் தொடரில் (உத்தரவும் தகவலும் மேலிருந்து கீழ்வரை படிப்படியாகப் போகும் வரிசை) எல்லோரும் படத்தை அழகாக வரைவார்கள், நிபந்தனையை விட்டுவிடுவார்கள். அதே கடைக்கு மதுரையிலும் திருநெல்வேலியிலும் கிளைகள் இருக்கின்றன, தலைமை அலுவலகம் சென்னையில். மதுரை ஸ்டோர் பொறுப்பாளருக்கு ஒரு ரகப் புடவை அவசரமாக வேண்டும், திருநெல்வேலியில் அது உபரியாக இருக்கிறது. முறைப்படி போனால் கோரிக்கை மதுரை மேலாளர், சென்னை, திருநெல்வேலி மேலாளர் என்று ஏறி இறங்கி வரவேண்டும். அதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். இரண்டு ஸ்டோர்காரர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஃபயோல் குறுக்கே ஒரு பலகையைப் போட்டார். கேங் பிளாங்க் என்று நீங்கள் படிப்பது அதைத்தான். நிபந்தனை இது: இருவருடைய மேலாளர்களும் அதற்கு அனுமதி தந்திருக்க வேண்டும், என்ன முடிவானது என்பது உடனே அவர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். மேலாளருக்குத் தெரியாமல் பேசிக்கொண்டால் அது பலகை அல்ல, படிநிலை மீறல்.

மையப்படுத்தலுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். முதலாளியே கல்லாவில் உட்காரும் சின்னக் கடையில் எல்லா முடிவும் அவருடையதாக இருப்பது இயல்பு. பத்துக் கிளைகள் வந்தபிறகும் 50 ரூபாய் தள்ளுபடிக்கு அவரையே போனில் கேட்க வேண்டும் என்றால் அது கொமான்ட்ரி குதிரைக் கதைதான். வேலைப் பகிர்வு, பொது நலனுக்குத் தன்னலம் அடங்குதல் இரண்டும் பெயரிலேயே விளங்கும். பணி நிலைத்தன்மையில், வந்து வந்து போகும் கெட்டிக்கார மேலாளரைவிட நிலைத்து நிற்கும் சுமாரான மேலாளர் மேல் என்ற ஃபயோலின் கருத்தை நினைவில் வையுங்கள். கொஞ்சம் மிகை என்று எனக்குத் தோன்றும், ஆனால் மறக்காது.

கூட்டுணர்வில் மட்டும் ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஃபயோல் இரண்டு குறிப்பான எச்சரிக்கைகள் தருகிறார். ஊழியர்களைப் பிரித்து வைத்து ஆளாதே என்பது ஒன்று. நேரில் பேசித் தீர்க்க வேண்டியதைக் கடிதம் எழுதி வளர்க்காதே என்பது மற்றது. இரண்டு பிரிவுகள் மாறி மாறிக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தால் பகை முற்றும், பக்கத்து அறைக்கு நடந்து போய்ப் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியும் என்பது அவர் அனுபவம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்கள் நூறு வருடம் முன்னால் எழுதியது என்று நம்பமாட்டார்கள்.

கடைசியாக, ஒரு சம்பவத்தைப் போட்டுப் பார்ப்போம். ‘தீபாவளிக்கு முந்தைய வாரம். பில் போடும் ஊழியரிடம் அக்கவுண்டன்ட் பழைய பில்களைச் சரிபார்க்கச் சொல்கிறார், ஃப்ளோர் மேனேஜர் கவுன்ட்டரை விட்டு நகரக்கூடாது என்கிறார். வரிசை நீண்டதைப் பார்த்த பேக்கிங் ஊழியர் டோக்கன் கொடுக்கலாம் என்று யோசனை சொல்கிறார். உன் வேலையைப் பார் என்று மேனேஜர் அனுப்பிவிடுகிறார். பழக்கிவிட்ட ஆட்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேறு பிரிவுக்கு மாற்றியதால் புதியவர்கள் துணிகளின் விலையே தெரியாமல் நிற்கிறார்கள்.’

முதல் வாக்கியத்தில் எதுவும் இல்லை, அது காலம் மட்டும். இரண்டாவதில் திண்டாடுவது ஓர் ஊழியர், அவருக்கு இரண்டு உத்தரவு: கட்டளை ஒருமை. மூன்றாவதிலும் நான்காவதிலும் யோசனை சொன்னவர் வாயடைக்கப்படுகிறார்: முன்முயற்சி. இதைக் கூட்டுணர்வு என்று எழுதத் தோன்றும். குழுவுக்குள் பிளவு எதுவும் சொல்லப்படவில்லை என்பதால் பொருந்தாது. ஐந்தாவது பணி நிலைத்தன்மை. வேலையை விட்டு அனுப்பினால்தான் இந்தக் கோட்பாடு என்று நினைக்காதீர்கள், பழகுவதற்குள் இடம் மாற்றுவதும் இதில்தான் வரும். விடையில் கோட்பாட்டின் பெயர், ஒரு வரி விளக்கம், கேள்வியிலிருந்து அதற்குச் சான்றான சொற்கள், இந்த மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். சான்று வரி கிடைக்காத கோட்பாடு மனதில் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் அதை எழுத வேண்டாம்.